குறைன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க

கார்களை ஓட்டிப் பார்த்து யூடியூபில் நிறை குறை சொல்வதுதான் தமிழரசனுக்குப் பிழைப்பு. எந்த டப்பா வண்டியாக இருந்தாலும் கடைசியில் ஒரே வசனம்: "கொறைன்னு பெருசா ஒண்ணுமில்லீங்க." கள்ளக்குறிச்சியில் பொடிசுகள்கூட அதைச் சொல்லிக் கிண்டலடிக்கும்.

அந்த வசனத்தை நம்பித்தான் கச்சிராயபாளையத்து சுபாஷ் இரண்டே சீட்டுள்ள ஒரு சிவப்பு காரை வாங்கினான். கரும்பு போடுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று ஊரே கேட்டது. நாலாம் மாதம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் மரத்தில் மோதிச் செத்துப்போனான். பாழாய்ப்போன காருக்கு மூக்கு மட்டும்தான் நசுங்கியது.

அதைச் சரிசெய்து, அவன் மனைவி தேவிப்ரியா தமிழரசன் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நல்லதா நாலு வார்த்த சொல்லுங்கண்ணா. தெனம் வாசல்ல அத பாத்துக்கினு என்னால இருக்க முடியல. எவனாவது வாங்கிக்கினு போவட்டும்."

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை கேமராவை மாட்டிக்கொண்டு தனியாக மலையேறினான். ஏறும்போது கார் சொக்கத்தங்கம். இறங்கத் தொடங்கியதும் பீப், பீப். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற சத்தம். சீட்டோ காலி. காலி சீட்டுக்கே பெல்ட்டை மாட்டினான். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாவது வளைவில் கருகல் வாடை. பிரேக்கை மிதித்தால் பஞ்சாக அமுங்கியது. இதே மாடல் காரை முதன்முதலில் யூடியூபுக்காக ஓட்டிப் பார்த்த அன்றைக்கும் இதே இடம், இதே வாடை. அதை அப்போதே வீடியோவில் சொல்லவும் செய்திருந்தான். ஓட்டிப் பார்க்கக் காரைக் கொடுத்த வியாபாரி கோபித்துக்கொள்வானே என்று அந்தத் துண்டை வெட்டி எறிந்ததும் அவனேதான்.

கியரைக் குறைத்து எப்படியோ ஓரங்கட்டினான். பீப், பீப்.

"நிறுத்துடா சுபாஷு!" என்று கத்திவிட்டான். பிறகு கேமராவைப் பார்த்தான். "கொறை இருக்குதுங்க. எறக்கத்துல பிரேக் புடிக்காது. போன வாட்டியே எனக்குத் தெரியும். சொல்லாம வுட்டுட்டேன்."

சத்தம் நின்றது.

சாயங்காலம் அந்த வீடியோவைத் தேவிப்ரியாவிடம் காட்டினான். அவள் முழுசாகப் பார்த்தாள்.

"அவுரு உங்க வீடியோவ மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டுதான் வாங்குனாரு. அப்பவே தெரியுமாங்க?"

தமிழரசன் தலையைக் குனிந்தபடி கார் சாவியை நீட்டினான். அவள் அதை வாங்கி அவன் மடியிலேயே போட்டாள்.

"நீயே வெச்சிக்கோ. இனிமே உன் வாசல்ல நிக்கட்டும்."