ஒன்பதாம் பீப்பாய்

"ஏங்க, பருப்பு தீய்ஞ்சு போச்சு. அடுப்புக்கு ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்கீங்க? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"தீய்ஞ்சுதா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"விளையாடாதீங்க. தெருவுக்கே மணக்குது."

"இல்ல குமாரி. காய்ச்சல் விட்டதுலேர்ந்து ஒரு வாசனையும் வரல. பாப்பா தலையை மோந்து பாத்தேன். அதுகூட வரல."

அப்போது எங்கள் மகளுக்கு மூன்று மாதம். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சற்று நேரம் கழித்து, "யார்கிட்டயும் சொல்லிடாத. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா வேலையும் போச்சு" என்றார்.

"சொல்லல. நீங்க சரக்கைச் சின்ன பாட்டில்ல வீட்டுக்குக் கொண்டாங்க. நான் மோந்து சொல்றேன். ஆனா பதிலுக்கு ஒண்ணு கேப்பேன்."

"எதுவா இருந்தாலும் அப்புறம் கேளு, குமாரி."

அந்த அப்புறம் எட்டு வருடம் ஆகியும் வரவில்லை.

என் கணவர் பொன்னுத்துரைக்கு பர்மாவில் லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய விஸ்கி ஆலையில் வேலை. எந்தப் பீப்பாய் பக்குவமாகிவிட்டது, எதை எதோடு கலக்கலாம் என்று மோந்து சொல்வதுதான் அவர் உத்தியோகம். 'சயா பொன்' என்று அங்கே மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதலாளி பெயர் ஊ தான் லுவின். அமெரிக்கா போய் வந்தவர். அங்கே சோளத்தில் காய்ச்சும் போர்பனைக் குடித்துவிட்டு, ஷான் மலைச் சோளத்தில் அதைச் செய்தே தீருவேன் என்று ஆரம்பித்தார். மூன்று வருடம் ஓக் பீப்பாயில் கிடந்த சரக்கைக் கடைசி மூன்று மாதம் மா, பலா, பிடௌக் என்கிற வேங்கை என்று நம் ஊர் மரத்தில் செய்த சின்னப் பீப்பாய்களுக்கு மாற்றுவார்கள். அந்த மரத்தின் குணம் சரக்கில் இறங்கும்.

மரம் எனக்குப் புதிதல்ல. என் அப்பா அலோன் மரவாடியில் கணக்கப்பிள்ளை. மரத்தூளைக் கையில் அள்ளிக் கண்ணை மூடிக்கொண்டே இன்ன மரம் என்று பத்து வயதில் சொல்வேன். தாவரவியலில் மூன்றாம் வருடம் படிக்கும்போது எண்பத்தெட்டு மாணவர் போராட்டத்தில் கல்லூரியை மூடினார்கள். திறப்பதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

பாட்டில் வீட்டுக்கு வந்தால் மறுநாள் விடிகாலையில், அடுப்பு பற்றவைக்கும் முன், வெறும் வயிற்றில் மோந்து பார்ப்பேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு எழுதிக் கொடுப்பேன். அதை அவர் மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறுவார். இதற்காக எட்டு வருடமாக நான் தலையில் மல்லிகை வைப்பதில்லை. முன்பெல்லாம் பபேடான் கடைத்தெருவில் தினமும் இரண்டு முழம் வாங்கி வருவார். பூ வாசனை மூக்கை மறைக்கும் என்று நான்தான் வேண்டாமென்றேன். ங்கப்பி என்றால் எனக்கு உயிர். அந்த மீன் விழுதை எங்கள் வீட்டு அடுப்பில் வறுத்து எட்டு வருடமாகிறது. சாம்பிராணி கிடையாது, தாளிப்பில் பூண்டு கிடையாது. நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேர் முன்னால் இது குமாரியின் மூக்கு என்று அவர் சொல்ல வேண்டும்.

எட்டாம் வருடம், சிங்கப்பூரிலிருந்து சபாபதி என்ற, பர்மிய மொழியும் தெரிந்த வியாபாரி ஆலையைப் பார்க்க வந்தார். விருந்தாளி தமிழர், நீயும் குடும்பத்தோடு வா என்று முதலாளி சொல்லியிருந்தார். மகளைப் பக்கத்து வீட்டு லத்தீபாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். இத்தனை நாள் பாட்டிலில் மட்டும் பார்த்த பீப்பாய்களை நேரில் பார்க்கப் போகிறேன் என்று புதுப் புடவை கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் அவர் வழி முழுக்கப் பீப்பாய் எண்ணையும் மரத்தையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"ஏழு மா. எட்டு பிடௌக். ஒன்பது பலா. சரியா?"

"சரி. பிடௌக்குக்கு என்ன எழுதினேன்?"

"ஏலக்காய், பழைய அலமாரி, கடைசியில நாக்குல லேசா துவர்ப்பு. மூணுல இதுதான் ஒசத்தி."

"போதும், கொஞ்ச நேரம் வெளிய பாருங்க. பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கு."

பீப்பாய்கள் மாடியில் இருந்தன. ஆண்கள் மரப்படியில் ஏறினார்கள். நான் முதல் படியில் கால் வைத்ததும் முதலாளியின் மனைவி டோ கின் ஏ ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஐயோ, நீ ஏறக் கூடாதும்மா! கீழ ஆம்பளைங்க வேலை செய்யறாங்க இல்ல? பொம்பளை கட்டின துணி அவங்க தலைக்கு மேல போனா அவங்க மகிமை இறங்கிடும். சரக்கும் கெட்டுப்போகும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பாதிப் படியில் நின்று, "இங்க அப்படித்தான் குமாரி. நீ ஜூஸ் குடி" என்றார். என் மூக்கு அந்த ஆலையின் ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் போய் வந்திருக்கிறது. என் புடவை போனால் கெட்டுவிடுமாம்! ஆரஞ்சு ஜூஸை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

கால் மணி நேரத்தில் எண் எழுதிய மூன்று ஜாடிகளோடு இறங்கி வந்து கூடத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்றும் ஓக்கிலேயே கறுத்த சரக்கு. நிறத்தை வைத்து எதையும் பிரிக்க முடியாது. ஏழாம் எண்ணை ஊற்றினார்கள். இவர் கிளாஸை மூக்கடியில் சுற்றிக் கண்ணை மூடி, மாங்கொட்டை, மிளகு என்று அழகாகச் சொன்னார். சபாபதி தலையாட்டினார். அடுத்ததாக, விசேஷமான சரக்கு என்று ஒன்பதாம் ஜாடியைத் திறந்தார் முதலாளி.

எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு வந்தது ஏலக்காய். அப்பாவின் மரவாடியில் ஈரத்தோடு அறுக்கும் பிடௌக். பலா இல்லவே இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆகா! நல்ல பலாச்சுளை. தேன். கொஞ்சம் வெண்ணெய்."

சபாபதி, முதலாளி கொடுத்திருந்த பீப்பாய்ப் பட்டியல் தாளைப் பார்த்தார். கிளாஸை மறுபடி மோந்தார். பிறகு தமிழில், "பலாவா? இதுல ஒன்பது பிடௌக்னு போட்டிருக்கே. எனக்கும் பலா வரல. என்ன சார், மூக்கை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

என் கணவர் கிளாஸை மறுபடி மூக்கடிக்குக் கொண்டுபோனார். பாவமாக இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், ஓடிப்போய் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் முதலாளியைப் பார்த்தார். எல்லோருக்கும் புரியும்படி பர்மிய மொழியில் சொன்னார்.

"மன்னிக்கணும். காலைல வீட்டுக்காரி ங்கப்பி வறுத்துட்டா. வீடு பூரா நாத்தம். மூக்கே அடைஞ்சு போச்சு. பொம்பளைங்களுக்கு நம்ம வேலை எங்க புரியுது?"

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த டோ கின் ஏ கூட என் தொடையில் தட்டி, "இன்னிக்குப் போய் வறுத்தியே!" என்றார்.

எட்டு வருடமாக நான் தொடாத ங்கப்பி! காதெல்லாம் சுட்டது. எழுந்து மேசைக்குப் போனேன். யாரிடமும் கேட்காமல் மூன்று ஜாடிகளையும் ஒவ்வொன்றாக மோந்து, முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏழு மா, சரிதான். ஒன்பது பிடௌக். ஏலக்காய் வரும், கடைசியில துவர்க்கும். இந்த எட்டுதான் பலா. இதை இன்னும் ரெண்டு வாரம் விடக் கூடாது, இப்பவே பழம் புளிக்கிற வாசனை ஆரம்பிச்சிருச்சு."

சபாபதி எட்டாம் ஜாடியிலிருந்து தானே ஊற்றி ஒரு வாய் குடித்தார். "அட, ஆமாங்க! அந்தப் புளிப்பு இருக்கு" என்றார்.

முதலாளி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "தப்பு என்னோடதுதான். ஒசத்தியான சரக்குக்கு ஒன்பது போடச் சொன்னார் ஜோசியர். பிடௌக்தான் ஒசத்தின்னு சயாவே சொல்லியிருந்தார். அதனால காலைல எட்டையும் ஒன்பதையும் அழிச்சு மாத்தி எழுதினேன். தாளையும் திருத்திட்டேன். சயாகிட்ட சொல்லல. மூக்கு இருக்கிறவருக்கு நம்பர் எதுக்கு?"

பிறகு என்னைக் காட்டி, "இதைப் பாருங்க சபாபதி! சயா வீட்டு அம்மாவுக்கே இவ்வளவு வருதுன்னா சயாவோட திறமை எப்படின்னு நினைச்சுக்குங்க. பக்கத்துல இருந்தே கத்துக்கிட்டாங்க. புது பாட்டில்ல 'சயா பொன்னின் தேர்வு'ன்னு இவர் கையெழுத்தைப் போடப் போறேன்" என்றார்.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். எட்டு வருடமாக எங்கள் அடுக்களையில் தலைகுனிந்து என் எழுத்தைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்த மனிதர், குழந்தையின் தலையை மோந்து அழுத மனிதர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்லப் புன்னகை செய்தார்.

"ஆமா, ஏதோ கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

பிறகு என் பக்கம் குனிந்து தமிழில், "போய் உக்காரு குமாரி. வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

"இல்லங்க. இங்கயே பேசலாம்."

சபாபதி கிளாஸைக் கீழே வைத்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் அவரோடு நான் பர்மிய மொழி பேசியதே இல்லை. முதலாளிக்கும் அவர் மனைவிக்கும், மரப்படி அடியில் நின்ற வேலையாட்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அன்று அந்த மொழியில் பேசினேன்.

"எட்டு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்புறம் கேளுன்னு சொன்னீங்க. இப்பக் கேக்கறேன். இந்த ஆலையில ஒவ்வொரு பீப்பாயையும் மோந்து சொன்னது என் பொண்டாட்டி சாந்தகுமாரிதான்னு, இவங்க எல்லாரும் கேக்கறாப்பல, உங்க வாயால சொல்லுங்க."