ஏழாவது டிரம்

இறந்த அப்பாவுக்கு அணிவித்த சட்டையின் கடைசிப் பொத்தானை மகள் போட்டுக்கொண்டிருந்தபோது கேபிள் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் அங்கே சோதனைக்கூடத்தில் பணிபுரிபவள். அப்பாவும் அங்கேதான் முப்பது ஆண்டுகள், கம்பிக்கு மேலுறையாகும் பிளாஸ்டிக் மணிகளை இயந்திரத்தில் கொட்டும் அறையில் இருந்தார். கேபிள் சுற்றிய ஏழாவது டிரம் மாலையில் லாரி ஏறுகிறதாம். சோதனையில் தேறிவிட்டதால் அவளுடைய ஒப்புதல் ஒன்றே பாக்கியாம். துக்க வீட்டில் தொந்தரவு செய்வதற்கு மேலாளர் வருத்தமும் தெரிவித்தார். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தாள். இரண்டு நாள் தூங்காத கண்கள் எரிந்தன.

நேற்றுக் காலை அப்பா அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தார். வேலைக்குப் போன கடைசி நாளில் கை நடுங்கி மூட்டை சரிந்திருக்கிறது. தரையில் சிந்தியதைத் திரும்பப் போடக் கூடாது. நடுக்கம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வாரி இயந்திரத்துக்குள் போட்டுவிட்டார். அது ஏழாவது டிரம்மின் கேபிளுக்குப் போயிருந்தது.

“டெஸ்ட்ல பாஸாயிடும்மா. தூசி இப்போ ஒண்ணும் பண்ணாது. உள்ளயே உக்காந்து கரண்ட்ல வேர் விடும். பத்து வருஷம் கழிச்சு வெடிக்கும். பக்கத்துல எவனாவது நிப்பான்.”

சவப்பெட்டியைத் தூக்க ஆலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அப்பாவின் கண்ணுக்குத் தப்ப வேண்டுமானால் தூசிகூட விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர்களில் ஒருவரான ஃபோர்மேன். அம்மா அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஃபோர்மேனை அடுக்களைக்கு அழைத்து மகள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் வந்த அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கேவாடி சொல்லணும்?”

“சாயங்காலம் லாரி ஏறிடும்மா.”

ஃபோர்மேன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“கை நடுங்கறது எனக்குத் தெரியும். நான்தான் கண்டுக்கல.”

மகள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் இல்லை என்றாள். தேறிய டிரம்மை எந்தக் காரணத்துக்காக நிறுத்துவது என்று அவர் கேட்டார். அப்பாவின் தவற்றை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். யோசிப்பதாகச் சொன்னார்.

“யோசிச்சிக்கிட்டே ஏத்திடுவாங்க. நான் போய் லாரிக்கு முன்னாடி நிக்கறேன்,” என்று ஃபோர்மேன் செருப்பை மாட்டினார்.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில், ஃபோர்மேன் போய்விட்டதால், ஒரு முனைக்கு ஆளில்லை. வாசலில் நின்றவர்களை அம்மா ஒருமுறை பார்த்தாள், யாரையும் கூப்பிடவில்லை. மகள் போய்த் தோள் கொடுத்தாள். அவள் குள்ளம், பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் முழங்காலைச் சற்றே மடித்துக்கொண்டு நடந்தார்கள்.