கோலப்பொடி ஏரி

பூமரத்துக்கொட்டாய் பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் வரைந்த ஏரி, மறுநாள் காலை முழங்கால் ஆழத்துக்கு நிரம்பியிருந்தது. ஒரு கயிற்றுக் கட்டில் அகலம்தான் அந்த ஏரி. முதலில் கண்டது ஒரு நாய். வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தன் வழியே போனது.

நல்லம்பள்ளிக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊருக்கு நிஜ ஏரியும் உண்டு. பதினோரு வருடமாக அதில் சீமைக்கருவேலம்தான் செழித்தது. மழையின் குணமே மாறிவிட்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, வந்தால் ஒரே நாளில் கொட்டி மண்ணை அடித்துக்கொண்டு போகும். அந்த மண் மூடி, மலையிலிருந்து வரும் கால்வாய் எந்தப் பக்கம் போனது என்பதே ஊருக்கு மறந்துபோனது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் சுகுணா, இந்த ஐப்பசிக்குள் ஏரி நிறையாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

மாறிய மழையோடு பிழைக்கப் பயிற்சி கொடுக்க வந்தவர் நிர்மலாதேவி. மழை அளக்கவும், சாமை விதைக்கவும், மனு எழுதவும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொதுப்பணித் துறைக்கு மூன்று மனு போனது. கால்வாய் எங்கே என்று காட்டுங்கள், தூர்வாரலாம் என்று மூன்றுக்கும் ஒரே பதில். அதனால்தான் ஊர் வரைபடத்தைத் தரையில் போடச் சொன்னார்.

சுகுணா மலையிலிருந்து கால்வாய்க் கோட்டை இழுத்தாள். கால்வாய் மண்ணில் மறைந்த இடத்தில் நிறுத்தாமல், வளைத்துக்கொண்டு போய் ஏரியில் சேர்த்து நீலப் பொடியையும் அள்ளிக் கொட்டினாள்.

“உள்ளத உள்ளபடி போடுங்கம்மா. வராத கால்வாய முழுசா போட்டா எப்படி?” என்றார் நிர்மலாதேவி.

“கோலத்துல கோட்ட அந்தரத்துல வுடக்கூடாதுங்க மேடம். வூட்டுக்கு ஆகாது. கை அதுவா போயிடுச்சுங்க.”

தவறு அவ்வளவுதான். விடிந்ததும் விரல் அகலக் கோட்டில் தண்ணீர் சலசலத்து ஓடி ஏரியில் விழுந்தது. கரையைச் சுற்றி நூறு பேர் கூடினார்கள். முன்வரிசையில் நின்ற முனியம்மாள் என்ற கிழவி செருப்பைக் கழற்றினாள். பிறகு எல்லோரும் கழற்றினார்கள்.

நான்காவது மனுவுக்குப் பொறியாளர் நேரில் வந்தார். அளவுகோலை விட்டுப் பார்த்தார். ‘வரைபடத்தில் நீர்மட்டம் பதினேழு அங்குலம்’ என்று எழுதிக்கொண்டு, சுகுணாவின் வளைவு போன வழியே தோண்டச் சொன்னார். நாலடி ஆழத்தில் பழைய கால்வாயின் கல் தட்டுப்பட்டது. பிறகு ஊரே மண்வெட்டி எடுத்தது. நாற்பது நாளில் மலைவரை போய்ச் சேர்ந்தார்கள்.

ஐப்பசி இருபத்தாறாம் தேதி மழை கொட்டியது. இந்த முறை தண்ணீருக்கு வழி தெரிந்திருந்தது. நிஜ ஏரி ஏற ஏற, மைதானத்து ஏரி இறங்கிக்கொண்டே வந்து, மதியத்துக்குள் வெறும் தரையானது. சுகுணா வாசல் பெருக்குவதுபோல அதைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். சாக்கைப் பிரித்து, தூசி படிந்த பாத்திரங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்குக் கழுவப் போனாள்.

அந்த ஏரித் தண்ணீரை அள்ளினால் உள்ளங்கையில் கொஞ்சம் நீலம் ஒட்டும். சோப்புப் போட்டால் போய்விடும்.