பின்சுவர்

புதன்கிழமை பிற்பகல் என்றால் சுதர்ஷினிக்குப் பேச ஆள் உண்டு. மற்ற நாட்களில் இல்லை.

கணினி விளையாட்டுகளுக்குக் காட்சி உருவாக்கும் கேம் ஆர்ட் படிப்பில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. டெங்கி வந்து ஒரு செமெஸ்டர் போயிற்று. அதற்குள் கூடப் படித்தவர்கள் பயிற்சி வேலைக்கு என்று கோலாலம்பூர் போய்விட்டார்கள். பாயான் லெப்பாஸில் அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவளுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஒருத்தி வீட்டில் இருப்பதை மற்றவள் அறிவது வாசலில் கிடக்கும் செருப்பால்தான்.

துறையில் இரண்டு முதலாண்டு மாணவர்களை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். முதல் வேலையை அவர்கள் சமர்ப்பிக்கும்வரை வாரம் ஒருநாள், புதனன்று, கணினி ஆய்வகத்தில் வழிகாட்ட வேண்டும். ஜன்னத், கபிலன். ஆயர் ஈத்தாமில் ஜன்னத்தின் தந்தை நடத்தும் சாப்பாட்டுக் கடையை அப்படியே கணினியில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே இதுதான் கடைசிப் புதன்.

"அக்கா, முடிஞ்சிருச்சு. நீங்க ஓகேன்னா ஓகே லா," என்றான் கபிலன்.

"ஓகே இல்லன்னா?"

"அவனை அடிங்க," என்றாள் ஜன்னத். "அந்த ஃபேன் அவன் போட்டது. எங்கத்தா பாத்தா, எவன்டா என் கடையில ஹெலிகாப்டர் மாட்டுனதுன்னு கேப்பாரு."

"உங்க கடையில உக்காந்தா வேர்த்து ஊத்துது. அதான் பெருசாப் போட்டேன்."

சுதர்ஷினி சிரித்தாள். தொண்டை கரகரத்தது. காலையிலிருந்து அதற்கு வேலை இருக்கவில்லை.

திரையில் கேமராவைக் கடைக்குள் நடத்திப் பார்த்தாள். மேசைகள், குழம்புச் சட்டிகள், பாதி குடித்த தே தாரிக் தேநீர். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு வெளியே எடுத்துக் கடையைச் சுற்றி வந்தாள்.

பின்சுவர் இல்லை.

இல்லாமல் இல்லை. திரும்பியிருந்தது. இந்த மாதிரி வேலையில் சுவருக்கு முகம் உண்டு. முகம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சுவர் தெரியும். இது முகத்தை உள்ளே வைத்திருந்தது. கடைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்குச் சுவர். வெளியே நிற்பவளுக்கு வெறும் காற்று. அதன் வழியே மேசைகள் தெரிந்தன, விளக்கு தெரிந்தது.

முதலாண்டில் எல்லோரும் செய்வது. அவளும் செய்திருக்கிறாள். சொன்னால் இரண்டு சொடுக்கில் சரியாகிவிடும். சொல்லாவிட்டால் லெக்சரர் பார்ப்பார், திருப்பித் தருவார், திருத்த ஒரு வாரம் கொடுப்பார்.

அவர்கள் இருவரும் கைபேசியைப் பார்த்தபடி எங்கே சாப்பிடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையைப் பார்க்கவில்லை.

கேமராவைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"தெரிமா காசி, அக்கா!" ஜன்னத் நன்றி சொல்லிக்கொண்டே பையை மாட்டினாள். "வாடா, பஸ்ஸு போயிரும்."

"லெக்சரர் ஏதாவது திருத்தச் சொன்னா அடுத்த புதன் வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

"சரிக்கா," என்ற குரல் நடைவழியிலிருந்து வந்தது.

வெள்ளியன்று அவர்கள் சமர்ப்பித்தார்கள். திங்களன்று ஜன்னத்துக்குச் செய்தி எழுதி அழித்தாள்.

புதன்கிழமை சீக்கிரமே வந்து ஆய்வகத்தில் உட்கார்ந்தாள். மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் மூன்று வாங்கியிருந்தாள். தாளில் எண்ணெய் ஊறிப் பரவியது. வெகுநேரம் கழித்து ஜன்னத்தின் குரல்பதிவு வந்தது. பின்னால் பஸ் இரைந்தது.

"அக்கா, பின்சுவரு திரும்பியிருந்துச்சாம். லெக்சரர் சிரிச்சிட்டாரு. கபிலன் நேத்து பஸ்லயே சரி பண்ணிட்டான். இன்னிக்குக் காலைல குடுத்துட்டோம், ஓகே சொல்லிட்டாரு. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்க்கா. உங்களுக்கும் வேலை இருக்கும்ல."

அப்புறம் தூரத்தில் கபிலன்: "அக்காவுக்கே தெரியல லா!"

"ச்சீ, சும்மா இருடா!" இருவரும் சிரித்தார்கள். பதிவு முடிந்தது.

'நான் கவனிக்கல' என்று எழுதி அனுப்பினாள். உடனே ஒரு சிரிப்பு முகம் வந்தது. அவ்வளவுதான்.

மூவரும் பகிர்ந்திருந்த கோப்பு இன்னும் அவளுக்குத் திறந்தது. திரையில் கடையின் பின்னால் போய் நின்றாள். சுவர் இருந்தது. கபிலன் அதற்கு மழைக்கறைகூடப் பூசியிருந்தான், நன்றாகவே பூசியிருந்தான். மேசைகள் தெரியவில்லை. விளக்கும் தெரியவில்லை.

முன்பக்கம் சுற்றிப் போனால் உள்ளே போகலாம். வாசலை அவர்கள் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

சுதர்ஷினி ஒரு கறிபாப்பைப் பிய்த்து வாயில் போட்டாள். ஆறியிருந்தது. சுவரைப் பார்த்தபடியே மென்றாள்.