முடியில்லாத இலை

கியூதே செய்தித்தாளை விரித்து, மனைவி மால்சுன் புல்வெளியில் பறித்துவந்த இலைகளை ஆய்ந்துகொண்டிருந்தார். மிந்தில்லே: மஞ்சளாய்ப் பூத்து, பஞ்சாய்ப் பறக்கும் களை. பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே கல்லீரலுக்கு அவர் நம்பிய மருந்து, சோற்றுக்குத் தொடுகறியும் அதுதான்.

“தடவிப் பாரு. இலை முழுக்க முடி. இது வேற களை.” பாதியை அவள் மடியில் எறிந்தார். “நாப்பது வருஷமா சொல்றேன்.”

“ரெண்டும் மஞ்சப் பூ. ஒடிச்சா ரெண்டுலயும் பால் வருதுங்க.”

“பாலை நம்பாத. காம்பைப் பாரு. மிந்தில்லேன்னா கிளை விடாது, ஒரு காம்புக்கு ஒரு பூ, உள்ள குழாய். நான் போனப்புறம் நீ மாட்டுத்தீவனம்தான் திங்கப்போற.”

இலைகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

மறுநாள், மருத்துவமனையின் இறுதிச்சடங்குக் கூடத்தில், படத்துக்கு முன்னால் சோறும் சூப்பும் வைத்தார்கள். பஸ் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். குற்றம் கண்டுபிடிக்கத் தயாரானவரைப் போல ஒரு புருவம் தூக்கியிருந்தது. மால்சுன் எழுந்து வெளியே போனாள்.

மகள் ஹேரிம் தேடிவந்தபோது, அம்மா கறுப்புத் துக்கத்துணியோடு மருத்துவமனைப் புல்வெளியில் குந்தியிருந்தாள்.

“எல்லாரும் பாக்கறாங்கம்மா.”

“பாக்கட்டும். நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்க. இன்னைக்குத்தான் அவருக்குச் சோறு வைக்க முடியும்.” பக்கத்தில் நின்ற மருத்துவமனைக் காவலாளியைப் பார்த்தாள். “தம்பி, இங்க களை மருந்து அடிச்சீங்களா?”

“இந்த வருஷம் இன்னும் அடிக்கலைம்மா.”

ஹேரிமும் குந்தினாள். “எப்பவும் மாத்தித்தானே பறிப்ப?”

“இன்னைக்கு மாத்திப் பறிச்சா உங்கப்பா படத்துலயே மூஞ்சியச் சுளிப்பாரு.”

ஒவ்வோர் இலையையும் கட்டைவிரலால் தடவினாள். காம்பைக் கிள்ளி உள்ளே பார்த்தாள். சந்தேகம் வந்த இலையைப் பறிக்காமல் விட்டாள். ஹேரிம் ஒன்றை நீட்டினாள்.

“முடி. தூக்கிப் போடு. கண்ணு எங்க இருக்கு உனக்கு?”

அம்மாவின் வாயில் அப்பாவின் குரல். ஹேரிம் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

கூடத்துச் சமையற்காரி அடுப்பை ஒதுக்கிக்கொடுத்தாள். இலைகளைக் கொதிநீரில் முக்கி எடுத்து, பிழிந்து, சோயா விழுதும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தாள் மால்சுன்.

ஹேரிம் ருசித்தாள். “கசக்குது.”

“கசக்கணும்.”

கிண்ணத்தைச் சோற்றுக்கு வலப்பக்கம் வைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மால்சுன் படத்தையே பார்த்தாள்.

புருவம் தூக்கியபடியே இருந்தது. முகம் சுளிக்கவில்லை.