தமிழ் எழுத்துப் பொதி

பரிமளத்தின் நெற்றியில் தையல் போட்டிருந்தது. கலஹாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவள், கண்டி நகரிலிருந்த அந்தத் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் அவர்கள் கொடுத்த அறிக்கைத் தாள்கள் இரண்டை விரித்து வைத்தாள்.

"இதுல என் பேரு எங்கங்க இருக்கு? வேற யாரோட ரிப்போட்டயோ எனக்குக் குடுத்துட்டீங்க. அதப் பாத்து டொக்டர் சீனி வியாதிக்கு மாத்திர குடுத்தாரு. மலையில மயங்கி விழுந்துட்டேன்."

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசையாக நின்றன. கணினிகளுக்குப் பொறுப்பான மங்களேஸ்வரிக்கு முகம் எரிந்தது. புதிய கணினிகளைப் பொருத்தியவர்கள் சிங்கள எழுத்துகளைப் போட்டார்கள், தமிழை விட்டுவிட்டார்கள். தமிழ் எழுத்துப் பொதியை இணையத்திலிருந்து இறக்கிப் போடவா என்று முகாமையாளர் இராஜரத்தினத்திடம் அவள் பலமுறை கேட்டிருந்தாள். அவரும் அவளைப் போல யாழ்ப்பாணத்தவர்தான்.

"நாடு இருக்கிற நிலைமையில தமிழ், தமிழ் எண்டு நிக்காதையும் பிள்ளை," என்பதே அவருடைய பதில். அது போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டு.

அன்று மங்களேஸ்வரி அவரிடம் கேட்கவில்லை. கவுண்டர்க் கணினியின் முன்னால் உட்கார்ந்து, கறுப்புத் திரையைத் திறந்து, பொதியை நிறுவும் கட்டளையைத் தட்டினாள். வெள்ளை வரிகள் கடகடவென்று ஓடின. பொதி இறங்கி, விரிந்து, இடத்தில் அமர்ந்தது. அடுத்து வந்த தாளில் 'பரிமளம்' என்று முத்து முத்தாக அச்சானது.

காத்திருந்தவர்களில் யாரோ அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து, இரகசியச் செய்தி அனுப்புகிறாள் என்று பயந்து பொலிசுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஜீப் வந்தது. சார்ஜன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று சிங்களத்தில் அதட்டினார்.

"ஆரோடயும் இல்லை. எழுத்து இறக்கினனான்," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"எங்கேயிருந்து?"

"வெளிநாட்டில இருக்கிற ஒரு சேவர் கணினியில இருந்து."

அவர் சந்தேகப்பட அந்தப் பதில் போதுமாயிருந்தது. அவர் இராஜரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "உங்கள் அனுமதியோடுதானா?"

இராஜரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் சொல்லேல்லை."

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் றம்லத் ஓடிவந்தாள். "சேர், இவ என்ன செஞ்சாண்டு உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

அவர் தன் அறைப் பக்கம் நடந்தார். மங்களேஸ்வரியை ஜீப்பில் ஏற்றினார்கள். றம்லத் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய், பொலிஸ் நிலைய வாசலில் பின்னேரம்வரை வாதாடினாள். கடைசியில், எச்சரிக்கை என்று சொல்லி மங்களேஸ்வரியை விடுவித்தார்கள். எதற்கு எச்சரிக்கை என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இராஜரத்தினம் அவளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொதியை எடுத்துப்போடும்."

"நான் எடுக்கமாட்டன்." அவளுடைய குரல் கவுண்டர்வரை கேட்டது. "வேணுமெண்டா நீங்களே எடுங்கோ, சேர். நீக்கிற கட்டளை ஒரு வரிதான். நான் சொல்லச் சொல்ல அடியுங்கோ."

அவர் வீம்புக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் அடித்தார். பொதியை நீக்கவா, ஆமா இல்லையா என்று கணினி கேட்டது.

"ஆம் எண்டு அடியுங்கோ," என்றாள் மங்களேஸ்வரி. "அடிச்சுப்போட்டு வெளியில நிக்கிற சனத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ, உங்கட பேரெல்லாம் இனிக் கட்டம்தான் எண்டு. தையல் போட்ட அந்த மனுசிக்கும் சொல்லுங்கோ."

கவுண்டரில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலையில் தங்கள் பெயர் தமிழில் அச்சான தாள்களைக் கையில் வைத்திருந்தார்கள். இராஜரத்தினம் அந்தத் தாள்களைப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்று அடித்துவிட்டு எழுந்தார்.

"நேற்றுப் பயந்திட்டன், பிள்ளை. எனக்கும் குடும்பம் இருக்கு."

"நானும் பயந்தனான், சேர். ஆனா ஜீப்புக்குள்ள இருந்தது நான்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மங்களேஸ்வரி மற்றக் கணினிகளிலும் அதே பொதியை நிறுவினாள். அவற்றின் திரைகளைக் காத்திருந்தவர்களின் பக்கமே திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியும் அவர்களுக்குத் தெரிய அடித்தாள். அடுத்த புதுப்பித்தலில் கழன்றுவிடாதபடி பொதியைப் பூட்டியும் வைத்தாள்.

அங்கே வேலை செய்த காலம் முழுக்க, இராஜரத்தினம் தேநீருக்குக் கூப்பிட்ட எந்த நாளிலும் அவள் போனதில்லை.