இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பியபோது

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற லிஃப்ட் மெக்கானிக் ஒரு படிவத்தை நீட்டி நான்கு பிரதி கேட்டார்.

"ஒரு ஃபாரத்துக்கு எதுக்குங்க நாலு?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரி ஏற்கெனவே ரெண்ட கிழிச்சிட்டா அண்ணே. ஸ்டாக் வேணும்."

சிரித்துவிட்டேன். பிறகு தலைப்பு கண்ணில் பட்டது. [எட்டிப் பார்த்தேன் என்பதே உண்மை.] 'டிஸ்லெக்சியா (எழுத்து வாசிப்பதில் சிரமம்): ஆரம்பநிலை உதவி வகுப்பு. பெற்றோர் இருவரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும்.' மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "அவள் விழியோரம் துளிர்த்த நீரைத் துடைக்க அவன் விரல்கள்"

[வேண்டாம். என் நாவல்களில் கையெழுத்து என்றாலே கல்யாணப் பதிவேட்டில் போடுவதுதான். பழக்கதோஷம்.]

இரண்டாவது: "ஆறு வயதுச் சுண்டெலிதான் வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள்."

இது இருக்கட்டும். சுண்டெலி என்பது மெக்கானிக்கின் மகளுக்கு நான் வைத்த செல்லப்பெயர். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். விரல் வைத்து, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். ஒருநாள் டீச்சர் கைதவறி இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். வந்த பக்கத்தில் ரயில். சுண்டெலியோ ரயில்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, தாண்டிப்போன பக்கத்து முயலைக் கணீரென்று வாசித்தாள்.*

* ஒரு புத்தகம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்வது மக்குப் பிள்ளையால் ஆகிற காரியமா? கதைக்குள் சொன்னால் பிரசங்கமாகிவிடும் என்று இங்கே வைக்கிறேன்.

3

அம்மா மருந்துக் கடையில் வேலை செய்பவள். அவளை முதலில் வில்லியாகத்தான் எழுதினேன்.

"டாக்டருங்க கிறுக்கலையே படிக்கிறவ நான். என் வயித்துல பொறந்ததுக்குப் படிக்க வராதா?"

"வராதுன்னு யாருடி சொன்னா?" என்கிறான் மெக்கானிக். "வேற மாதிரி சொல்லிக் குடுக்கணுங்கிறாங்க. சத்தத்தப் பிரிச்சு, மணல்ல எழுதி..."

"எட்டு வயசானா தானா வந்துடும்."

"அதையும் கேட்டுட்டேன். 'இப்ப வந்தா எழுத்துலேர்ந்து ஆரம்பிப்போம். எட்டு வயசுல வந்தா மொதல்ல பயத்த எடுக்கணும், அப்புறம்தான் எழுத்து'ன்னாங்க அந்த உதவி வகுப்பு டீச்சர்."

"அப்ப தினமும் உக்காந்து பத்துப் பத்து வாட்டி படிச்சுக் காட்டினேனே, அது?"

இந்த வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளை ஒப்பித்த ஒவ்வொரு சொல்லும் இவள் குரலில் கேட்டது. வேலை முடிந்து, கால் கடுக்க வந்து, உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. கையெழுத்துப் போட்டால் அத்தனை மாலைகளும் வீண் என்று ஒப்புக்கொள்வதாக நினைக்கிறாள். வில்லி இல்லை, ஐயா. நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன்.

4

முடிவு அ: கணவன் தோளில் சாய்கிறாள், கையெழுத்திடுகிறாள். [என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பிரச்சினை தோளில் இல்லையே.]

முடிவு ஆ: இரண்டு வருடம் காத்திருக்கிறார்கள். வாசிக்கும் முறை வரும்போதெல்லாம் சுண்டெலிக்கு வயிறு வலிக்கிறது. ஒருநாள் அவள் [எழுத மாட்டேன்.]

முடிவு இ: வியாழன் மாலை. அம்மா இதுவரை வாசித்துக் காட்டாத ஒரு புத்தகத்தைச் சுண்டெலியின் மடியில் வைக்கிறாள். "படி பாப்பம்." வழக்கம்போல முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். என் நாயகிகளில் யாரும் இவ்வளவு கடினமான காரியம் செய்ததில்லை.

சுண்டெலி விரல் வைக்கிறாள். எடுக்கிறாள். மறுபடி வைக்கிறாள்.

"அம்மா, தெரியலன்னு சொன்னா நீ அழுவியா?"

அம்மாவின் பதிலைப் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் வசனமாக வருகிறது. அவளுக்கு உரியதாக ஒன்றும் வரவில்லை. ஆகவே அந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். நீண்டதாக வேண்டாம், ஒரு வரி போதும். ஆனால் ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"